மவுசில் போட்ட கோலம்

என்னைப் பெண் பார்த்தது பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை, லீவு கிடையாது. அவருடைய அம்மா மட்டும் முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம் என்பதையே அப்பா பாதிதான் நம்பினார். ஆனாலும் சடங்கில் ஒரு குறை வைக்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் தூக்குவாளியில் வந்தன. எங்களோடு வந்திருந்த என் அத்தை அவற்றைத் தட்டில் எடுத்து வைத்து காமிராவுக்கு முன்னால் நீட்டி, "எடுத்துக்கிடுங்க மாப்ளே" என்றாள். திரையில் இருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எங்களுக்கு வந்து சேருவதற்குள் சென்டர்காரர் இரண்டு பஜ்ஜியை உள்ளே தள்ளிவிட்டார்.

படத்தில் மூக்கு ஒரு கட்டம், மீசை ஒரு கட்டமாகத்தான் தெரிந்தது. எனக்கோ அவரைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. இதில் என்ன வெட்கம்? இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று பேராச்சியம்மனை வேண்டிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்திருந்தேன்.

சென்டர்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "அண்ணாச்சி, நேத்துதான் புது வெர்ஷன் ஏத்திருக்கேன். இதுல வெள்ளைப் பலகை ஒண்ணு உண்டு. இங்கன வரைஞ்சா அங்கன தெரியும்" என்று அப்பாவிடம் திறந்து காட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி அவர்தான்.

மாப்பிள்ளையின் அம்மா உடனே என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அதுல ஒரு கோலம் போடேன், பாப்போம்" என்றார்.

எனக்கு அரிசி மாவிலேயே கோலம் வராது. எங்கள் வாசல் அம்மாவின் ராஜ்யம். என்னை வாளித் தண்ணீர் தெளிப்பதோடு நிறுத்திவிடுவாள். மவுசையும் அன்றுதான் தொட்டேன். எப்படியோ புள்ளி வைத்துவிட்டேன். கோடு இழுத்தால் கோழி கிளறியது மாதிரி போயிற்று. மவுஸ் சரியில்லை என்று முனகிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அப்போது என் கை அசையாமலே பலகையில் ஒரு கோடு புறப்பட்டது. என் புள்ளிகளைச் சுற்றி வளைந்து நெளிந்து போயிற்று. சென்டர்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அங்கே வரைந்தாலும் இங்கே தெரியும் என்பது அவருக்கே தெரியாது போலிருக்கிறது. திரையின் மூலையில் மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் மும்முரமாக இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பட்டனை அழுத்தாமல், கோடு போகிற பக்கமெல்லாம் மவுசை நகர்த்தி நானே வரைவது போல நடித்தேன்.

அழகான சிக்குக் கோலம் ஒன்று முடிந்தது. "எங்க பிள்ளைக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று அத்தை கூசாமல் அடித்துவிட்டாள். அப்பாவும் தலையாட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோலத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பைய என் காதருகே குனிந்தார்.

"மார்கழியில எனக்குக் குறுக்கு வலிக்குன்னா இவன்தான் ஊரு முழிக்க முன்ன வாசல்ல கோலத்தப் போட்டுட்டு ஓடியாந்து படுத்துக்கிடுவான். எம் மவன் இழுக்குற கோடு எனக்குத் தெரியாதா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று மவுசை விட்டுவிட்டு முழித்தேன்.

அவர் தன் கொண்டையிலிருந்த பிச்சிப்பூவில் ஒரு துண்டு கிள்ளி என் தலையில் வைத்தார். "முழிக்காதட்டி. ஒரு வீட்டுல ஒருத்தருக்குக் கோலம் தெரிஞ்சாப் போதும்."