கட்டிங் டேபிள் உயரத்தில் ஒரு அடுப்பு மேடை

நல்லூரில் நாங்கள் வீடு கட்டியபோது, அடுப்பு மேடையை எத்தனை உயரத்தில் வைப்பது என்று கொத்தனார் கேட்டார். என் வீட்டுக்காரர் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க நின்றுகொண்டு துணி வெட்டுகிற மனிதருக்குத் தெரிந்த மேடை ஒன்றே ஒன்றுதான். கம்பெனியில் கட்டிங் டேபிளை இஞ்ச் டேப்பால் அளந்து வந்து, அதே உயரத்தைச் சொல்லிவிட்டார். குனியாமல் வேலை செய்யலாமாம். அவர் நெட்டையாக இருப்பார். நான் அவர் தோளுக்கும் கீழே. சமைக்கப் போகிறவள் நான் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கவே எக்க வேண்டும். பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைத்தேன். சப்பாத்தி தேய்த்தால் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். சொல்லாமலா இருந்தேன்? "ஏனுங்க, இந்த மேடையச் சித்தெ எறக்கிக் குடுங்க, கையத் தூக்க முடியலீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேடை சரியாத்தான் புள்ள இருக்குது, நீதான் குட்டை" என்பார். வீட்டுக்கு வரும் சொந்தபந்தம், ஒறம்பரைகளிடமும் இதையே சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். நானும் இளித்துக்கொண்டே காபி கொண்டுவந்து வைப்பேன்.

மேடை மட்டுமா? சமையலறையை ஒட்டிச் சாமான் வைக்கவென்று கட்டிய சின்ன அறையில், வெட்டியது போக மிஞ்சிய துணித் துண்டுகளை மூட்டை மூட்டையாக அடுக்கினார். "எதுக்காச்சும் ஆகும்" என்பார். எதற்கும் ஆகவில்லை. அரிசி மூட்டை கட்டிலுக்கு அடியில் கிடந்தது, பருப்பு டப்பா பீரோ மேல் இருந்தது. வாஷிங் மிஷின் மொட்டை மாடியில். தாளிக்கும் நேரமாகப் பார்த்து மேலே அது பீப் அடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஈரக் கையோடு படியேறுவேன்.

பிறகு அவர் கம்பெனியில் துணி வெட்டக் கம்ப்யூட்டர் மிஷின் வந்தது. மனிதர் வீட்டோடு வந்துவிட்டார். நான் இன்னொரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், காலையிலேயே கம்பெனி வேன் வந்துவிடும். ஆக, சமையல் அவர் தலையில் விழுந்தது. அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது. அந்தச் சமையலறை அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! நிமிர்ந்து நின்று, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் வதக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கச்சி குடும்பம் வந்திருந்தபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சமையலெல்லாம் ஒரு வேலையா? இவ என்னமோ தோளு வலி, தோளு வலின்னு ஊரைக் கூட்டுனா. எனக்கு ஒண்ணும் வலிக்கலியே!"

எனக்கு வாயில் மரியாதைக்குச் சொல்லும் 'ங்க' குறையாது. மனசுக்குள் மட்டும், 'இருடா மகனே, உனக்கு இருக்குது' என்றேன்.

அந்த வருச மழைக்குச் சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. இடித்துக் கட்டியே ஆக வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். "பிளான் நான் போடறேனுங்க" என்றேன். "போடு, போடு, உன்ற சமையக்கட்டுத்தானே" என்றார் பெருந்தன்மையாக.

துணிக்கு மார்க் பண்ணும் சாக்பீஸால் தரையிலேயே கோடு போட்டேன். கம்பெனியில் ஒரு கதவில் துணியாக நுழைவது, திரும்பி வராமல் இன்னொரு கதவில் பெட்டியாக வெளியே போகும். எனக்கும் அப்படித்தான் வேண்டும். பின்கதவை ஒட்டிச் சாமான் அறை. அதில் ஆழமில்லாத தட்டுகள், ஒரு டப்பாவுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிய முடியாது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் துவைக்கிற இடம். போர்த் தண்ணீரில் துவைத்தால் கறுப்புச் சட்டையில் உப்புப் பூத்துவிடும், அதனால் மிஷினுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் தனியாக.

துணி மூட்டைகளை ஒரு காலை நேரத்தில் வேஸ்ட் வியாபாரியின் வண்டியில் ஏற்றினேன். வீட்டுக்காரர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்.

"கேக்காமக் கொள்ளாம ஏத்திப்போட்டயே புள்ள!"

"மேடை கட்டறப்ப என்னையக் கேட்டீங்களா?" என்றேன். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. அவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

மேடைக்கு, சுவரோரம் வெறுங்காலில் நின்று என் முழங்கைக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொத்தனாரிடம் காட்டிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், செங்கல் என் கோட்டைத் தாண்டி ஏறி நிற்கிறது. "அண்ணன்தான் ஏத்தச் சொன்னாருங்கக்கா" என்றார் கொத்தனார்.

"இப்ப நான்தானே சமைக்கறேன்? சமைக்கறவங்க உயரத்துக்கு மேடை வேண்டாமா?" என்று நியாயம் பேசினார் என் வீட்டுக்காரர்.

அடேயப்பா! இந்த ஞானம் எங்கே ஒளிந்திருந்தது இத்தனை நாளாக?

"நான் சமைக்கறப்ப அது ஏனுங்க தெரியல?" என்றேன். கலவை இன்னும் இறுகவில்லை. மேல் வரிசையின் முதல் செங்கல்லை என் கையாலேயே பிடுங்கிக் கீழே வைத்தேன். மீதியைக் கொத்தனார் எடுத்தார்.

கிரானைட் போட்டாகிவிட்டது. நான் நின்றால் கைகள் மேடையில் சுகமாகப் படிகின்றன. அவர் நின்றால் கூன் விழுந்த மாதிரி வளைய வேண்டும். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, அவர் தேங்காய் துருவுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன். அந்தக் காபியின் ருசியே தனி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனாலும் கட்டின புருஷன். ராத்திரி புரண்டு படுக்கையில் முனகுவது கேட்டது. மனசு கேட்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்த்தி, அவர் அரிவதற்கும் தேய்ப்பதற்கும் தனியாக ஒரு மேடை கட்டித் தர, விடிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு மறுநாள் வரச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொன்னார். தேய்த்தேன். தலையணையில் முகத்தை வைத்தபடி சொன்னார்:

"இப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியாது புள்ள. உனக்கும் வலிச்சுதுன்னா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் எறக்கிக் குடுத்திருக்க மாட்டனா?"

குனிந்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. மனிதர் மனதார நம்பித்தான் சொல்கிறார். நான் சொன்னதில் ஒன்றுகூட அந்த மண்டையில் ஏறியிருக்கவில்லை.

தைலக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கொத்தனாருக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வர வேண்டாமுங்க" என்றேன்.