பிரிக்காத பெட்டியில் ஒரு பச்சை டீசல்

கிடங்கில் அவருக்குப் பெயர் ‘சீல்’. மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று லாரியில் வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளைச் சரிபார்த்து உள்ளே விடும் மேற்பார்வையாளர். ஒட்டிய டேப் ஓர் ஓரத்தில் லேசாக எழும்பியிருந்தாலும் போதும், “திருப்பி ஏத்து” என்பார். உள்ளே பொருள் நன்றாகத்தானே இருக்கிறது, பிரித்துப் பாருங்களேன் என்று லாரிக்காரர் கெஞ்சினால், “பிரிச்சுட்டா அது புதுசு இல்லப்பா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தப் புத்தியைக் கிடங்கிலேயே பூட்டிவிட்டு வந்திருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. மனிதர் அதை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவர் சேர்த்தது மாடல் ரயில்கள். அதிலும் டீசல் எஞ்சின் மட்டும்தான். நீராவி எஞ்சினைக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார். அது எந்தக் கடையிலும் எப்போதும் கிடைக்குமாம். டீசல் அப்படி இல்லை. கம்பெனி ஒரு தடவை கொஞ்சம் போட்டுவிட்டு அச்சைக் கழற்றி வைத்துவிடும். மறுபடி வருமா, வந்தாலும் அதே நிறத்தில் வருமா, ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒரே தடவை வந்து நின்றுபோனதுதான் பச்சை. இடுப்பில் மஞ்சள் பட்டை, ஓடும்போது எரியும் முன்விளக்கு. பின்னால் வந்த நீலத்துக்கு விளக்கே கிடையாது. சிவப்புக்குச் சக்கரம் பிளாஸ்டிக். ஆகவே பச்சைக்கு அத்தனை கிராக்கி. சீல் அதில் ஒன்றை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். “பிரிக்காத பச்சை இந்த ஊர்லயே உங்ககிட்ட மட்டும்தான் சார் இருக்கு” என்று ரயில் விற்ற கடைக்காரர் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பச்சை வந்த மறு வருஷம் கடைக்காரர் போன் செய்தார். “சார், அந்த பேட்ச்ல அடிச்சட்டம் வார்த்த உலோகத்துல கலப்படமாம். சிலது தானா உதிர்ந்து போகுது. பிரிச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. விரிசல் இருந்தா கொண்டு வாங்க, கம்பெனி புதுசு தருது. இந்த வருஷம் மட்டும்தான்.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கு அப்போது ஏழு வயது. கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று அந்தப் பெட்டியின் படத்தையே பார்த்துப் பார்த்து ஏங்கிய குழந்தை. “அப்பா, பிரிக்கச் சொல்லிட்டாங்க! லைட்டு எரியுதான்னு பாக்கலாம்ப்பா!” என்று துள்ளிக்கொண்டு ஓடி, கத்தரிக்கோலை எடுத்து வந்து, அவர் வெளியே எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியின் டேப்பில் வைத்தும் விட்டாள்.

பளார் என்று ஓர் அறை. கத்தரிக்கோல் ஒரு மூலைக்குப் பறந்தது.

“பாவி மனுஷா, பச்சப்புள்ளைய இப்படியா அடிப்பீங்க?” என்று மனைவி ஓடி வந்தாள். அவரோ டேப்பில் கீறல் விழுந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விழவில்லை. தன்னுடையதற்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று முடிவு கட்டி, பெட்டியை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். ஓட்டி விளையாடியவர்கள் எல்லாம் வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு போனார்கள். மகள் அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. அப்பாவிடம் எதையும் கேட்கவும் இல்லை. படித்தாள், வேலை கிடைத்தது, தூரத்து ஊருக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் கடைக்காரர் சிரித்த முகத்தோடு சேதி சொன்னார். “பச்சை திரும்ப வருது சார். பழைய அச்சேதான். இந்தத் தடவை ஹாரன் சத்தமும் உண்டு.” சீல் நேரே வீட்டுக்கு வந்து அலமாரி முன்னால் நின்றார். இனிமேல் போகிறவன் வருகிறவன் எல்லாம் பச்சை வைத்திருப்பான். இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காத்தது எதற்கு?

அந்த வாரம் மகள் விடுமுறைக்கு வந்தாள். சீல் அவளைக் கூடத்துக்கு அழைத்தார். தரையில் தண்டவாளம் பூட்டியிருந்தது. “வாம்மா, பச்சையை ஓட்டிப் பாக்கலாம். நீயே பிரி.”

அவள் முகம் மலர்ந்ததே, அடடா! அத்தனை வருஷக் கோபமும் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

டீ கொண்டு வந்த மனைவிக்கு வாய் சும்மா இருக்குமா? “கடைக்கே பச்சை திரும்ப வருதாம்டி. அதான் உங்கப்பாவுக்கு மனசு இளகிடுச்சு.”

மகளின் கை டேப்பின் மேலேயே நின்றது. “அப்படியாப்பா?” என்று கேட்டாள். அவர் தண்டவாளத்து ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரே பிரித்தார்.

மேல்கூடு பச்சைப்பசேலென்று அப்படியே இருந்தது. தூக்கியதும் அடிச்சட்டம் நொறுங்கிய பிஸ்கட்போலப் பொலபொலவென்று அவர் மடியில் கொட்டியது. சக்கரங்கள் தனித்தனியாக உருண்டன. முன்விளக்கு ஒயரில் தொங்கியது.

“கம்பெனிக்காரன் பாவி, மோசம் பண்ணிட்டான்” என்றார்.

“கம்பெனி மாத்தித் தர்றேன்னுதானேப்பா சொல்லுச்சு?” என்றாள் மகள். “என்னை அறைஞ்சது கம்பெனி இல்லையே.” மறுநாள் கிடைத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள்.

புதுப் பச்சை கடைக்கு வந்த அன்றே சீல் போய் நின்றார். இந்தத் தடவை அவளுக்குத்தான் என்று சத்தியமாகவே நினைத்துக்கொண்டு போனார், அதில் பொய்யில்லை. கடைக்காரர் மேசைமேல் இருந்த சின்னத் தண்டவாளத்தைக் காட்டி, “ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா சார்?” என்றார்.

“ஐயோ, வேணாம் தம்பி. பிரிக்காதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்தார். “உனக்காகப் பச்சை வாங்கிட்டேன்மா.”

அவள் கேட்டாள். “ஓட்டிப் பாத்தீங்களாப்பா? லைட்டு எரியுதா?”

“நான் தொடுவேனா? டேப்புல ஒரு கீறல் இல்ல, அப்படியே புத்தம் புதுசா இருக்கு” என்றார் பெருமையாக.

“எனக்கு வேணாம்ப்பா. நீங்களே வச்சுக்கோங்க.”

அவள் போனை வைத்துவிட்டாள். சீல் எழுந்துபோய், பழைய பெட்டி இருந்த இடத்தில் புதுப் பெட்டியைப் படம் வெளியே தெரியும்படி வைத்து, கண்ணாடிக் கதவைப் பூட்டினார்.