தலைவரம்மாவின் வீட்டுக்காரர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் "தலைவரம்மா" என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருடைய மனைவி. கங்காணியின் மனைவி கங்காணியம்மா, தலைவரின் மனைவி தலைவரம்மா. டீச்சரம்மா என்றால் மட்டும் டீச்சரே. அது எப்படி என்று என்னைக் கேட்கக்கூடாது, எங்கள் தமிழ் அப்படி.

இந்தச் சொல் என்னைப் பாடாய்ப் படுத்தும் என்று நான் நினைக்கவே இல்லை. ஏனென்றால் நானே தலைவராவேன் என்றும் நினைக்கவில்லை.

பழைய தலைவருக்கு வயதாகிவிட்டது. கொழும்பிலிருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். புதுத் தலைவரைத் தெரிவு செய்ய, கோயில் முன்னால் சங்கக் கூட்டம் போட்டோம். இரண்டு ஆண்கள் போட்டிக்கு நின்றார்கள். ஒருவர் மற்றவரின் பாட்டன் காலத்துக் கதைகளை எல்லாம் இழுத்து வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, என் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து நின்றாள். மலையில் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம்.

"கொழுந்து எடுக்கிறது நாங்க. சந்தா குடுக்கிறது நாங்க. அக்கா நாட்டுக்கே தலைவரா இருக்காங்க. இந்தத் தோட்டத்துக்கு மட்டும் மீசை வச்சவங்கதான் வரணுமா?"

அக்கா என்று சொன்னால் எங்கள் மலைகளில் இன்னார் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் சங்கத்தின் தேசியத் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். ராகலைப் பக்கத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, எங்களைப் போலவே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தவர். அவர் கொழும்பில் மந்திரிமாருக்கு எதிரே உட்கார்ந்து மேசையைத் தட்டிப் பேசியதை நாங்கள் போனில் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கே இல்லை. வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலேயே அவர் படமும் தொங்குகிறது. சிறுசுகள் இரண்டையும் சேர்த்தே கும்பிடும். எனக்கும் அதில் ஆட்சேபனை கிடையாது.

அன்றைக்கு அக்கா பெயரைச் சொன்னதும் பெண்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். "சரி, யாரு?" என்று கேட்டதும் அத்தனை கையும் என் பக்கம் திரும்பியது. இப்படித்தான் நான் தலைவரானேன். இதில் என் திறமை எதுவும் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்த்துச் சத்தம் போடுகிறவள் என்று ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாளே தொல்லை தொடங்கியது. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது? "தலைவி" என்றால் அது மாதர் சங்கத் தலைவி, அந்தப் பதவியில் வேறொருத்தி ஏற்கெனவே இருக்கிறாள், விட்டுத்தர மாட்டாள். "தலைவரே" என்று ஒரு பொம்பிளையைக் கூப்பிட ஆண்களுக்கு நாக்கு வரவில்லை. பெண்களுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் மரியாதையாக இருக்கட்டும் என்று எல்லாரும் "தலைவரம்மா" என்றார்கள். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போயிற்று.

ஆனால் தலைவரம்மா இருந்தால் தலைவர் ஒருவர் இருந்தாக வேண்டுமே. ஒரு மாதத்துக்குள் என் வீட்டுக்காரர் தலைவராகிவிட்டார்.

அவர் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். அவர் போகிற வழியெல்லாம் "வணக்கம் தலைவரே" என்றார்கள். நோர்வூட் டவுனில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனுடையது. அவர் ஒருநாள் இவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"வாங்க தலைவர், குந்துங்க. பிளேன்டீ ஒன்னு போடச் சொல்லவா?"

நான் அரிசி மூட்டையோடு நிற்கிறேன். இவர் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

"ஏங்க, நான் தலைவர் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"பாவம், ஆசையாப் போட்டுக் குடுத்தாரு. டீயும் நல்லா இருந்திச்சு."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிட்டேன். சிரித்தும் கொண்டேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதெல்லாம் அந்த ஷெட் விஷயம் வரும் வரைக்கும்தான்.

எங்கள் ஏழாம் நம்பர் மலை ரொம்ப உயரம். அங்கே வேலை போட்டால், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம், அவசரத்துக்குப் போக ஒரு மறைவு இல்லை. தேயிலைச் செடி இடுப்பளவுதான். ஒருத்தி போனால் இன்னொருத்தி காவல் நிற்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் அங்கே வேலை என்றாலே பெண்கள் முகம் சுருங்கிவிடும். இதனாலேயே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் மலை ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். நானும் அப்படித்தான் ஏறினேன். தலைவரானதும் நான் எடுத்த முதல் காரியம் இதுதான். அந்த மலையில் கக்கூசோடு ஒரு ஷெட் கட்டித் தரவேண்டும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கேட்டேன், ஆபீசில் கேட்டேன். மானேஜர் தொரை நல்ல மனுஷன்தான், பார்க்கலாம் என்றார்.

பார்த்தும் விட்டார். ஒருநாள் "தலைவரை வரச் சொல்லு" என்று ஆபீசிலிருந்து ஆள் அனுப்பினார். வந்தவன் நேரே ஸ்டோருக்குப் போய் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ராத்திரி வேலை முடித்து, கண்ணெல்லாம் சிவந்து போய் இவர் தொரை முன்னால் நின்றிருக்கிறார். பெண்களுக்கு ஷெட் கட்டக் காசு வந்திருக்கிறது, எங்கே கட்டலாம், மேலேயா கீழேயா என்று தொரை கேட்டிருக்கிறார்.

"கீழ ரோட்டோரம்னா கல்லு மண்ணு எறக்க வசதிங்க தொரை" என்று சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைய குழம்பில் உப்பே விழவில்லை. மனுஷன் அதையும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்.

"ரோட்டோரத்துல எதுக்குங்க எங்களுக்குக் கக்கூஸ்? அங்கேர்ந்து எட்டி நடந்தா லயத்துல வீடு! போற வாற பஸ்ஸுல உள்ளவங்க பாக்கிறதுக்கா?"

"நான் லொறிய நெனச்சுச் சொல்லிட்டேன் புள்ள."

தொரையிடம் ஓடினேன். அவருக்குக் குழப்பம். "தலைவரே சொல்லிட்டாரு. இப்ப தலைவரம்மா வந்து மாத்திச் சொல்றீங்க. வீட்டுல ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிவெடுங்க." அதற்குள் இன்னொரு செய்தியும் வந்து சேர்ந்தது. ஷெட்டுக்கு அடிக்கல் வைக்க அக்காவே வரப்போகிறார். ரோட்டோரம் பந்தல் போடத் தொடங்கிவிட்டார்கள். அக்கா கையால் அங்கே ஒரு கல் விழுந்துவிட்டால் பிறகு யாரால் அசைக்க முடியும்? வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்டவர் என் தோட்டத்துக்கு வருகிறார், நானோ அந்தப் பந்தலை எப்படிப் பிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. தோரணம், வாழைமரம், தப்பு மேளச் சத்தம், எங்கே பார்த்தாலும் புதுச் சேலை. என் திட்டம் ஒன்றுதான். மேடையில் ஏறியதும் அக்காவிடம் நேரே சொல்லிவிடுவது. ஆனால் பந்தலுக்குப் போனதுமே கோயில் பூசாரியின் சம்சாரம் என் கையில் ஆரத்தித் தட்டைத் திணித்துவிட்டாள். எங்கள் தோட்டத்தில் பெரிய ஆட்கள் வந்தால் தலைவரம்மாதான் ஆலாத்தி எடுக்க வேண்டும். தொன்றுதொட்டு வந்த வழக்கமாம். நான் மறுப்பதற்குள் ஒலிபெருக்கி, "தோட்டத் தலைவரை மேடைக்கு அழைக்கிறோம்" என்றது. நான் தட்டோடு திரும்பிப் பார்க்கிறேன், வெள்ளைச் சட்டை போட்ட என் வீட்டுக்காரரை நாலு பேர் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கிடக்கிறது கிடக்கட்டும், கிழவியைத் தூக்கி மணையில் வை என்பார்கள். எங்கள் ஊரில் கிழவனைத் தூக்கி வைத்தார்கள்.

கார் வந்து நின்றது. அக்கா இறங்கினார். போனில் பார்த்ததைவிடக் குள்ளம். நெற்றியில் பெரிய பொட்டு, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆரத்தி சுற்றி, பொட்டு வைத்தேன். அவர் என் பக்கம் குனிந்து, ராகலைப் பேச்சு மாறாமல் கேட்டார்.

"இந்தத் தோட்டத்துல ஒரு பொம்பள தலைவரா வந்திருக்காங்களாமே? அவங்களப் பாக்கத்தான் நான் வந்தேன். எங்க இருக்காங்க?"

தராசைப் பார்த்துச் சத்தம் போடுகிற அந்த வாய் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பின்னால் நின்ற பெண்கள்தான் பெருமையாக, "இவங்கதாங்க தலைவரம்மா!" என்றார்கள்.

"ஓ, தலைவரோட சம்சாரமா?" அக்கா என் கன்னத்தைத் தட்டினார். "சரி, தலைவர் எங்க?"

தலைவர் என்ற சொல் காதில் விழுந்ததும், பழக்கதோஷம், அத்தனை பேர் கையும் மேடைப் பக்கம் நீண்டது. என் பக்கத்து வீட்டுக்காரியின் கையும்தான்! அன்று என்னைத் தலைவராக்கிய அதே கை. மேடை நடுவில், வெள்ளைத் துணி விரித்த நாற்காலியின் நுனியில், என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அக்கா அவரைப் பார்த்தார். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தட்டோடு நிற்கிற என்னைப் பார்த்தார். எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்தார். அது ஒருமுறை கீச்சென்று கத்தியது.

"நான் தலைவர் இல்லீங்க" என்றார். "தலைவர் அந்தா தட்டோட நிக்கிறாங்க. நான் தலைவரோட வீட்டுக்காரன். ஷெட்டக் கீழ கட்டச் சொன்னதும் தலைவர் இல்ல, நான்தான். தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டேன். அது தப்புங்க தொரை."

சொல்லிவிட்டு இறங்கி வந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, "போ புள்ள" என்றார். ஒரு ஆண் ஆரத்தித் தட்டோடு நின்றதை எங்கள் தோட்டம் அன்றைக்குத்தான் பார்த்தது. அக்கா சிரித்த சிரிப்பில் தப்படிக்கிறவர்களே கையை நிறுத்திவிட்டார்கள். அந்த மனுஷன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

நான் மேடையில் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே, வந்துவிட்ட என் பழைய வாயால், "அக்கா, கல்லு வைக்க வேண்டிய எடம் மேல இருக்குங்க. கார் போவாது. நடக்க ஏலுமா?" என்று கேட்டேன்.

"கார் போற எடத்துலயா நான் கொழுந்து எடுத்தேன்?" என்று அவர் சேலையைத் தூக்கிச் செருகினார்.

அக்கா ஏறினார். அவர் பின்னால் தொரை, தொரை பின்னால் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, கடைசியில் பளபளக்கும் சப்பாத்து போட்ட கொழும்பு ஆட்கள். பாதி வழியில் அட்டை கடித்து அவர்கள் குதித்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அக்கா மட்டும் நிரைகளுக்கு நடுவே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, செடியில் படாமல், எங்களில் ஒருத்தி மாதிரியே போனார். ஆனாலும் மூச்சு வாங்கியது. ஏழாம் மலை உச்சிக்கு வந்ததும் ஒரு கல்லில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். இடுப்பளவு தேயிலை, அதற்கு மேல் வானம். வேறொன்றும் இல்லை. தொரையும் பார்த்தார்.

"ஹரி, தலைவர்" என்று சிங்களத்தில் சரி சொன்னார் தொரை. "இங்கேயே கட்டுவோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அடிக்கல்லைக் கீழிருந்து தோளில் சுமந்து வந்தவர் என் வீட்டுக்காரர். சொன்ன வாய்க்குத் தண்டனை என்று அவராகவே தூக்கிக்கொண்டாராம். அக்கா அதை வாங்கி, என் கையையும் சேர்த்துப் பிடித்து, மண்ணில் வைத்தார்.

ஷெட்டுக்கு இப்போது கூரை போட்டாயிற்று. நானா கடையில் நாற்காலி எனக்குத்தான். இவர் மூட்டையோடு நிற்கிறார், டீ மட்டும் இரண்டு பேருக்கும் வருகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது, அக்கா வந்துபோன மறுநாள் காலையில் நடந்தது. பெரட்டுக் களத்தில் பனி இறங்கியிருந்தது. எல்லாரும் படங்குகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். கங்காணி அந்தப் பக்கத்திலிருந்து, ஊரே கேட்கும்படி, "தலைவரே!" என்று கூப்பிட்டார்.

நான் திரும்பி, என் வீட்டுக்காரர் எங்கே என்று தேடினேன்.

அவர் அங்கே இல்லை. கங்காணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களத்தாங்க, தலைவரே" என்று இன்னொரு தடவை கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் "என்னங்க" என்றேன்.