மோரீசுக் காட்டில் புறா தேடிய நாள்

காலை ஆறு மணிக்குப் போர்ட் லூயி ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு மோரீசுத் தீவுக்கு வந்த கப்பலில் நான் கம்பவுண்டர். பதினெட்டு நாள் கடல் பயணத்தில் பேதி மருந்து கலக்கியே கை ஓய்ந்திருந்தது. கரையில் கிடைத்த ஒரே ஒரு நாளைத் தூங்கிக் கழிக்க நினைத்தேன். கப்பல் டாக்டரான வெள்ளைக்காரத் துரை விடவில்லை. மலைக்காட்டில் காவல் இருப்பவர்கள் தமிழர்கள், பேச்சை மாற்றிச் சொல்ல நீ வேண்டும் என்று எழுப்பிவிட்டார்.

அவர் முதல் வகுப்பில் ஏறினார். நான் நாற்பது சதம் கொடுத்து மூன்றாம் வகுப்பில் நின்றேன். இங்கும் ரூபாய்தான்; அணா கிடையாது, ரூபாய்க்கு நூறு சதம். இருபுறமும் கரும்புத் தோட்டம். நடுநடுவே கறுப்புக் கற்களைக் குவித்துவைத்திருந்தார்கள். இந்தத் தீவே எரிமலை கக்கியது, தோண்டுகிற இடமெல்லாம் கல்தான் என்றார் பக்கத்தில் நின்றவர். அந்தக் கல்லைப் பொறுக்கி ஒதுக்கியவர்கள் நம்மவர்கள் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு மேட்டில் இருக்கிற கியூர்பீப் ஊரில் இறங்கினோம். பதினாறு மைல்தான், ஆனால் கீழே வேர்வை, மேலே குளிர்த் தூறல். அங்கிருந்து எட்டு மைல் குதிரை வண்டி. வாடகை மூன்று ரூபாய். வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் முதுகெலும்பில் இறங்கியது.

பத்தரை மணிக்கு மலையுச்சி ஏரியை அடைந்தோம். முன்னொரு காலத்தில் நெருப்புக் கக்கிய வாய் அது. இப்போது நிறைய நீர் நின்றது. சுற்றிலும் காடு. கரையோரம் முழங்கை கனத்தில் ஒரு விலாங்கு மீன் அசையாமல் கிடந்தது. தூரத்தில் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

அந்த மான்களுக்குக் காவல் இருப்பவர் ஒரு குடிசையிலிருந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் மாடசாமி. நான் வாயைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஐயாவுக்குத் திருநெவேலிப் பக்கமா?"

"ஸ்ரீவைகுண்டம்."

"அட, நான் பக்கத்து ஏரலுல்லா! இருபது வருசமாச்சு இந்தப் பேச்சைக் கேட்டு."

மார்பு இளஞ்சிவப்பாக, வால் செம்பழுப்பாக ஒரு புறா இங்கே உண்டாமே, எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னார் துரை. கேட்டேன்.

"இருக்கு, இருக்கு. பள்ளத்துக்கு அங்கன ஒரு சோடி இருக்கு. முன்ன நெறையக் கெடந்துச்சு. பெரிய புயல் அடிச்சதுல எல்லாம் போச்சு. அதைத் தின்னா தலை சுத்தும்னு ஒருத்தரும் தொட மாட்டாவ. வாங்க, காட்டுதேன்."

சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். வண்டியிலிருந்து துரை எடுத்துக்கொண்ட நீளமான கித்தான் உறையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மாடசாமிக்குத் தெரியாது. பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். எப்போது முடியும், எப்போது படுக்கலாம் என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

"பைய இறங்குங்கய்யா, பாசி வழுக்கும்" என்று கையைப் பிடித்து இறக்கினார். மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நின்றன. கிளையெல்லாம் பாசியும் பெரணியும். ஒரு குரங்குக் கூட்டம் எங்களைத் திட்டிக்கொண்டே விலகியது. பாம்பு உண்டா என்றேன். இந்தக் காட்டில் இருபது வருடமாக ஒன்றைக்கூடக் கண்டதில்லை என்றார். பெண்சாதி காய்ச்சலில் இறந்தபின் தனியாகத்தான் இருக்கிறாராம். "விடியக்காலம் இந்தப் புறாச் சத்தம் கேட்டுத்தான் எந்திரிக்கேன்" என்றார்.

பன்னிரண்டு மணி இருக்கும். தணிந்த குரலில் ஒரு கூவல் கேட்டது. மாடசாமி விரலை நீட்டினார். கிளை நுனியில், மழைத் தூறலில் மார்பைப் புடைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. அத்தனை மென்மையான நிறத்தை நான் எந்தப் பறவையிடமும் கண்டதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடித்தது.

மாடசாமி நீட்டிய கையை மடக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், துரை முகத்தைப் பார்க்கவில்லை.

துரை புறாவைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். உள்ளே வைக்கோல் அடைத்துப் பாடம் பண்ணி அவர் ஊர்க் காட்சிசாலைக்கு அனுப்புவாராம். சோடியும் வேண்டும், கூடு இருந்தால் முட்டையும் வேண்டும், கூடு எங்கே என்று கேள் என்றார்.

கேட்டேன். மாடசாமி துரைக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு என்னிடம் மட்டும் பேசுவதுபோலப் பேசினார்.

"கூடு நமக்குப் பின்னால நிக்கிற மரத்துலதான் இருக்கு. ரெண்டு முட்டை. சோடிப் புறா அடையில இருக்கு. தெரியாதுன்னு சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்கதான் வாய். பாத்துச் சொல்லுங்கய்யா."

அடுத்த கப்பலுக்கு என் பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் துரை கையில் இருந்தது. வீட்டில் ஆறு பேர் சாப்பிட வேண்டும். ஆனாலும், "கூடு எங்கே என்று இவருக்குத் தெரியாதாம். கிழக்கே மேட்டுக்காட்டில் இருக்கலாமாம்" என்றேன்.

"தெரியாது என்பதற்கா இவ்வளவு பேசினான்?"

"எங்கள் பாஷை நீளம், துரையே."

மூன்றரை மணி வரை கிழக்கே மேட்டுக்காட்டில் தேடினோம். கூடு அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே, துரை காட்டிய புதரையெல்லாம் விலக்கினேன். பூட்ஸில் சேறு ஏறியது, கையெல்லாம் முள் கீறியது. நான் சொன்ன பொய்க்கு நானே நடந்தேன்.

வண்டி ஏறும்போது, "ஒத்தையா இருந்து அடைகாத்துரும்லா?" என்று கேட்டார் மாடசாமி. தெரியவில்லை என்றேன். துப்பாக்கி இருந்ததை முன்பே சொல்லாதது என் தப்பு என்றும் சொன்னேன்.  ஏரலில் தம்பி வாழைத்தார் வியாபாரம் செய்கிறான், அண்ணன் சௌக்கியம் என்று சொல்லுங்கள் என்றார் அவர்.

ரயிலில் துரை என்னைத் தம் பெட்டிக்குக் கூப்பிட்டு, அந்தக் காவல்காரன் உண்மையில் என்ன சொன்னான் என்று மறுபடி கேட்டார். தெரியாது என்றுதான் சொன்னான் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வந்து சேர்ந்தபின் மறு கப்பலுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அதனால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

தை மாதம் ஏரலுக்குப் போனேன். ஆற்றங்கரைத் துறையில் தம்பி தார் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் சௌக்கியம் என்றதும் தோளில் இருந்த தாரை இறக்கிவைத்துவிட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்கன என்ன வேலை பாக்காவ?" என்றார்.

"காட்டுல மானுக்குக் காவல். புறா ஒண்ணும் இருக்கு, அதையும் பாத்துக்கிடுதாவ."

"புறாவையா?" என்று சிரித்துவிட்டார். "நம்ம கோயில் கோபுரத்துல ஆயிரம் கெடக்கே வே! இதுக்கா கடல் தாண்டிப் போனாவ?"

விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். சோர்வாக இருந்தது. ஒரு கை கொடுத்து அவர் தாரை மறுபடி தோளில் ஏற்றிவிட்டு, ஸ்ரீவைகுண்டத்துக்கு நடந்தேன்.