மேரனின் மூன்றாவது ஆட்டம்

மேரன் டெவ்ரீஸ் தன் பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்துக் கிளப்பின் தலைவியானது தேர்தலில் ஜெயித்து அல்ல. இரண்டாம் ஆண்டில் நடந்த ஒரு கூட்டத்தில், "அடுத்த வாரத்துக்கு யாராவது மைதானம் கேட்டு வெச்சிருக்கீங்களா?" என்று வாயை விட்டுவிட்டாள். கேட்டவள் தலையில்தான் அது விடியும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள், அப்பாடா என்று சிரித்தார்கள், பீட்சாவைத் தொடர்ந்து தின்றார்கள். அன்றிலிருந்து மைதானம் பிடிப்பது, ரெஃப்ரிக்குச் சொல்வது, வியர்வைச் சட்டைகளை மூட்டை கட்டித் துவைப்பது, வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி ஓட்டுவது எல்லாம் அவள் வேலை.

பல்கலைக்கழகத்தின் பேரைச் சொல்லிக்கொள்ளப் பெரிய அணி ஒன்று தனியாக இருக்கிறது. அதற்கு கோச் உண்டு, பஸ் உண்டு, சுளுக்கிய கணுக்காலுக்குக் கட்டுப் போட ஆள் உண்டு. அதில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்தும் வேண்டாமென்று வந்தவர்களும் சேர்ந்து ஆடுவதுதான் கிளப். இங்கே கோச்சும் மாணவிதான், கொடிக்கம்பு நடுகிறவளும் மாணவிதான். படிப்பு கெடாமல் ஆடலாம் என்று சொல்லித்தான் எல்லோரையும் சேர்ப்பார்கள். மேரனுக்கு மட்டும் ஆட்டமும் கெட்டது, படிப்பும் பாதி கெட்டது.

ஆட்டத்தில் அவள் சுமார்தான், மறைப்பதற்கில்லை. கோலுக்கு முன்னால் இடதுபக்கம் தடுத்து ஆடுகிற 'பேக்' அவள். அந்த இடத்தில் ஹேட்டி என்று ஒருத்தி இருந்தாள். ஓட்டத்தில் குதிரை, உதையில் கழுதை என்று அவளைக் கிண்டல் செய்வார்கள். ஹேட்டி மூச்சு வாங்கினால் மேரன் இறங்குவாள். ஹேட்டிக்கு மூச்சு வந்ததும் வெளியே வருவாள். மேரன் மிச்சிகனில் பால்மாடு வளர்க்கிற ஊர்க்காரி. அவளுடைய அம்மா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். பனி கொட்டுகிற காலையிலும் ஒரு பிள்ளையையும் விடாமல் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்க்கிற அம்மாவுக்குப் பிறந்த பெண்ணிடம் எவரும் எதையும் கேட்கலாம் என்று ஆகிவிட்டது.

அவளுடைய கடைசி வருடத்தில்தான் கிளப் முதல் முறையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. நவம்பர் நடுவில், அலபாமாவின் தென்கோடியில், கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊரில் போட்டி. வியாழன், வெள்ளி, சனி என்று நாளுக்கொரு ஆட்டம். பதினைந்து பேர், பதினைந்து பேர் உட்காரும் ஒரே வண்டி. அதை ஓட்டப் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கியிருந்தவர்கள் இரண்டே பேர்: மேரனும் ஹேட்டியும். அங்கே ஒரு விதி உண்டு. ஆட்டத்தில் இறங்கியவள் அன்றைக்கு வண்டியைத் தொடக் கூடாது. களைப்பில் எவளாவது தூங்கி வழிந்து மரத்தில் மோதியிருப்பாள் போலிருக்கிறது, அதற்குப் பிறகு வந்த விதி.

அதனால் கிளம்புவதற்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு ஆட்டம் ஹேட்டிக்கு. சனிக்கிழமை மூன்றாவது ஆட்டம் மேரனுக்கு. அன்று ஹேட்டி உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வண்டியை எடுப்பாள்.

"முழு ஆட்டமும் நீதான்டி. நடுவுல வெளிய வரச் சொன்னா என்னைச் செருப்பால அடி," என்று ஹேட்டி சத்தியம் செய்தாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மேரன் புதன்கிழமை விடியற்காலையில் வண்டியை எடுத்தாள். இண்டியானா தாண்டியதும் ஹேட்டி மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் ஹேட்டி மடியில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வாய் பிளந்து தூங்கினாள். எழுப்ப மனசு வரவில்லை. கென்டக்கி போனது, டென்னசி போனது. பின்சீட்டில் ஒருத்தி பாட, ஒருத்தி வாந்தி எடுக்க, ஒருத்தி ஒன்றுக்கு நிறுத்தச் சொல்ல, மேரனுக்குத் தோள்பட்டையிலிருந்து விரல்நுனி வரை மரத்துப்போய்விட்டது. ஊரில் பனி, இங்கே இறங்கியபோது இரவிலும் புழுக்கம். மற்றவர்கள் அறைக்கு ஓடிப் படுத்தார்கள். அவள் பைகளை இறக்கினாள்.

வியாழக்கிழமை நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். வெள்ளிக்கிழமை கொஞ்சம் மானமாக, இரண்டுக்கு ஒன்று. இரண்டையும் தோற்றபின் அடுத்த சுற்று என்ற பேச்சே இல்லை. சனிக்கிழமை ஆட்டம் வெறும் கணக்குக்கு. ஆனால் வெள்ளிக்கிழமை தோல்வியோடு போகவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் ஹேட்டியும் எதிரணிப் பெண்ணொருத்தியும் ஒரே பந்துக்கு எகிறித் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். மைதானத்து மருத்துவ உதவியாள் ஹேட்டியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஆடக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது, வண்டி ஓட்டுகிற பேச்சே கூடாது.

அதைக் கேட்டு மேரனுக்கு முதலில் வந்தது ஹேட்டியைப் பற்றிய கவலைதான். இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். இரண்டாவதாக வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, மோட்டலின் சாப்பாட்டு அறையில் வாஃபிள் சுடும் பெட்டி கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. "மேரன், வாஃபிளுக்கு ஊத்தற சிரப் எங்க?" என்றாள் ஒருத்தி. "மேரன், என்னோட வலதுகால் சாக்ஸ் பார்த்தியா?" என்றாள் இன்னொருத்தி. கேப்டன் டார்சி எதிரில் வந்து உட்கார்ந்தாள். நடுவில் ஆடுகிறவள், நல்ல ஆட்டக்காரி, மனசிலும் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் போடும் கணக்கில் ஆள்கள் எப்போதும் சதுரங்கக் காய்கள்தான்.

"ஹேட்டியால ஓட்ட முடியாது. அப்போ நீதானே ஓட்டணும்? அந்த முதல் வருஷப் பொண்ணு இனெஸ் பேக் ஆடட்டும். ஆட்டம் முடிஞ்ச கையோட கிளம்பிட்டா ஞாயித்துக்கிழமை முழுசா ஊர்ல இருக்கலாம். எல்லாருக்கும் திங்கள் பரீட்சை இருக்கு."

"சரி," என்றாள் மேரன்.

அந்தச் 'சரி' அவள் வாயிலிருந்து தானாக வந்தது. நாலு வருடமாக அங்கேயே தங்கியிருந்த சொல். வாஃபிளைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைச் சுத்தம் செய்யப் போனாள். சிப்ஸ் பொட்டலங்களையும் காலிப் பாட்டில்களையும் அள்ளிக் குப்பையில் போட்டாள். பிறகு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கத் துணியை எடுத்தாள். கை மேலே எழவில்லை. நோவு ஒன்றும் இல்லை, எழவில்லை, அவ்வளவுதான். இங்கேயிருந்து பார்த்தால் நடக்கிற தூரத்தில் மைதானத்து விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. இவ்வளவு தூரம் வந்து அந்தப் புல்லில் ஒரு கால் வைக்காமல், வந்த சாலையிலேயே திரும்பி ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தாள். வரும் மே மாதம் படிப்பு முடிகிறது. அப்புறம் ஏதோ ஒரு ஆபீஸ், ஏதோ ஒரு நாற்காலி. கழுத்து வரைக்கும் கோபம் ஏறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை, பாதி தன்மேலேயே.

திரும்ப உள்ளே போனாள்.

"டார்சி, நான் ஆடப் போறேன். நாளைக்குக் காலையில கிளம்பலாம்."

டார்சி கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"என்னடி சொல்ற? தோத்துப்போன போட்டில ஒரு ஆட்டம். இதுக்காக எல்லாரும் ஒரு நாள் உக்காரணுமா?"

"ஆமா."

"எனக்கு லேப் ரிப்போர்ட் இருக்கு," என்று ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது. "எங்கம்மா ஞாயித்துக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றது இன்னொரு குரல். முதலாண்டுக்காரி இனெஸ் மட்டும், "எனக்கு ஆடணும்னு ஒண்ணும் இல்லப்பா, மேரனே ஆடட்டும்," என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

டார்சி கையைத் தட்டினாள். "சரி சரி, சண்டை வேண்டாம். எல்லாரையும் கேட்டு முடிவு பண்ணலாம்."

"கேக்க வேண்டாம்," என்றாள் மேரன். "சாவி என்கிட்ட இருக்கு."

சிலர் சிரித்தார்கள், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஹேட்டி கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "நான் கொடுத்த வாக்குடி அது. அவ ஆடணும்," என்று முனகினாள். இன்னும் ஒரு ராத்திரிக்கு அறைகள் கிடைக்குமா என்று வரவேற்பு மேசையில் போய்க் கேட்டு வருவதற்கும் மேரன்தான் போக வேண்டியிருந்தது. அதற்கு வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆட்டம் மதியம். எதிரில் டெக்சஸ்காரிகள். அவர்கள் ஜெயித்தால் மேலே போவார்கள், அதனால் பசியோடு இருந்தார்கள். மேரனுக்கு முதல் கால் மணி நேரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. எதிரணியின் வலப்பக்கத்தில் சடை போட்ட ஒல்லிப் பெண்ணொருத்தி. அவள் ஓடும்போது காற்றுதான் தெரிந்தது. இரண்டு முறை மேரனைத் தாண்டிப் போனாள். மூன்றாவது முறை மேரன் காலை நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளினாள். நாலாவது முறையும் தள்ளினாள். மூச்சு இரைத்தது, தொடை கனத்தது, மூன்று நாள் சேர்த்துவைத்த அசதி முழங்காலில் வந்து உட்கார்ந்தது. ஆனாலும் பந்து புல்லில் உருண்டு வருவதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்த நேரத்துக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இடைவேளைக்கு இரு பக்கமும் கோல் இல்லை. டார்சியே வந்து முதுகில் தட்டி, "பரவாயில்லையேடி!" என்றாள்.

இரண்டாம் பாதியும் அப்படியே இழுத்துக்கொண்டு போனது. வெயில் சாய ஆரம்பித்தது. ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும். டெக்சஸ்காரிகள் பந்தை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார்கள். மேரன் அந்தச் சடைக்காரியின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தாள்.

"மேரன்!"

பெஞ்சிலிருந்து ஹேட்டியின் குரல்.

"மேரன்! சாவி எங்க? தலை வெடிக்குதுடி, வண்டியில போய்ப் படுத்துக்கறேன்!"

மேரன் திரும்பினாள். யோசித்துத் திரும்பவில்லை, கூப்பிட்டால் திரும்புகிற கழுத்து அது.

"நீலப் பையில, பக்கத்து ஜிப்..."

சொல்லி முடிப்பதற்குள் காற்று அவளைக் கடந்து போய்விட்டது. கோல்கீப்பர் முன்னால் பாய்ந்தாள், பந்து அவளுக்கு அடியில் புகுந்து வலையில் விழுந்தது. டெக்சஸ்காரிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். ஹேட்டி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மேரன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். அழுகை வந்தது. டார்சி ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள்.

"விடுடி, ஒண்ணுமில்லாத ஆட்டம். ஒரு கோலுக்குப் போயா அழுவாங்க? ரொம்பக் களைச்சிருக்க. வெளிய போய் உக்காரு, இனெஸ் வரட்டும்," என்றாள் டார்சி.

"கோலுக்காக அழல," என்றாள் மேரன். மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "நாலு வருஷமா நாள் முழுக்க என் பேரைக் கூப்பிடறீங்க. சாவிக்குக் கூப்பிடறீங்க, சாக்ஸுக்குக் கூப்பிடறீங்க, சிரப்புக்குக் கூப்பிடறீங்க. பந்து குடுக்கறதுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எவளாவது கூப்பிட்டிருக்கீங்களா?"

டார்சி புல்லைப் பிய்த்தாள். பிறகு, குத்திக்காட்டுகிற மாதிரி இல்லாமல், உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"நீ ஒரு நாளும் கேட்டதில்லையேடி."

ரெஃப்ரி விசில் ஊதி எழுந்திருக்கச் சொன்னார். பெஞ்சிலிருந்து இனெஸ் மேலே போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு கோட்டோரம் வந்து நின்றாள். மேரன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. தன் இடத்துக்கு நடந்து போனாள்.

மறுபடி ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரம் பந்து வலப்பக்கமே சுற்றியது. பிறகு நடுவில் டார்சியின் காலுக்கு வந்தது. டார்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். இடப்பக்கக் கோட்டோரம் திறந்து கிடந்தது.

"மேரன்!" என்று கத்திக்கொண்டே பந்தை முன்னால் நீட்டிப் போட்டாள்.

மேரன் ஓடினாள். உடம்பில் மிச்சம் இருந்ததையெல்லாம் காலில் இறக்கி ஓடினாள். பந்து அவளுக்கு முன்னால் துள்ளித் துள்ளிப் போனது. அவளுக்கு எட்டவில்லை. கோட்டைத் தாண்டி, விளம்பரத் தட்டியில் மோதி நின்றது. டெக்சஸ்காரி ஒருத்தி அதை எடுக்க மெதுவாக நடந்தாள்.

மேரன் முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். எச்சில் கசந்தது. பிறகு நிமிர்ந்து, ஒரு கையை உயர்த்தி, பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்:

"இன்னொண்ணு போடுடி! இங்கதான் இருக்கேன்!"