அனுசுயா அளந்த சாலை

காலை ஒன்பதே முக்காலுக்கு ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, அனுசுயா முதலில் சாலையை அளக்கிறார். கழுத்தில் மாலைபோல் தொங்கும் இஞ்ச் டேப்பை உருவி, ஒரு முனையைக் கடைப் படியின் விளிம்பில் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறார். டேப் தீரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கிருந்து மறுபடி, தார் தொடங்கும் இடம்வரை. அளந்து முடித்ததும், பக்கத்து ஹார்டுவேர் கடை லட்சுமணனுக்கு உரத்த குரலில் அறிக்கை தருகிறார்.

"ஒம்போது அடி. நேத்தும் ஒம்போது. ரோடு இன்னும் நவுரல, நைனா!"

"அது நவுர்றதுக்கு முன்னாடி கவர்மென்ட்டு லெட்டர் வரும்மா. நீ போய் மிஷினைத் தொடை."

"லெட்டரை நம்பினவன் கடை எங்க கீது பார்த்தியா? நான் டேப்பைத்தான் நம்புவேன்."

கரையான்சாவடி பிரதான சாலையின் தென்புறம் வரிசையாக நிற்கும் பத்தொன்பது கடைகளில் அனுசுயாவுடையது பன்னிரண்டாவது. அகலம் பத்தடி, ஆழம் பதினோரு அடி. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு கட்டிங் மேசை, திரை போட்ட ஒரு மூலை. உரிமையாளரின் உயரம் நான்கடி பத்தங்குலம். அதையும் அவரே அளந்து சொன்னார். கொண்டையில் செருகிய சாக்பீஸ், வாயின் இடது ஓரத்தில் மூன்று குண்டூசிகள். பேச்சு வலது ஓரத்தால் வருகிறது. குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பேசினால் செய்தி முக்கியமானது என்று பொருள். இந்தக் கடை வரிசையைப் பற்றி எழுத வந்துபோகும் ஏழு மாதங்களில் நான் அதை நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளர்களை அவர் பெயரால் அறிவதில்லை. பின்புற அடுக்ககத்தில் குடியிருக்கும் கார்த்திகா, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவி. அங்கே இருபது பேர் அவர் முன் குரல் தாழ்த்துகிறார்களாம். இங்கே படியேறும்போதே வரவேற்பு இப்படி:

"வா முப்பத்தஞ்சரை! ஐயே, முப்பத்தாறே கால் ஆயிட்டியே கண்ணு. ஆபீஸ்ல டெய்லி பிரியாணி போட்றானா?"

"அக்கா, மெதுவா! ரோட்டுக்கே கேக்குது."

"கேக்கட்டுமே. அளவுதான சொன்னேன், உன் சம்பளத்தையா சொன்னேன்?"

எல்லாருக்கும் அவர் தரும் தேதி வெள்ளிக்கிழமை. எந்த வெள்ளிக்கிழமை என்று சொன்னதில்லை. எட்டாம் தேதி கேட்ட ஒருவரும் இருபத்தொன்பதாம் தேதி கேட்ட ஒருவரும் ஒரே வெள்ளிக்கிழமை வந்து ஒரே பதிலோடு திரும்பியதைக் குறித்து வைத்திருக்கிறேன். இருவரும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

மேசைக்கு அடியில் பதினோரு நீள நோட்டுகள் இருக்கின்றன. பத்தொன்பது ஆண்டுகளின் அளவுகள். பதிவேடுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமானதை வேறெங்கும் கண்டதில்லை. "ஆவடி குவார்ட்டர்ஸ், சிரிச்சா தோள் குலுங்கும், கையில கால் இஞ்ச் கூட." "ரெண்டாம் மாடி, கோவம் வந்தா மூச்சு வாங்கும், அரை இஞ்ச் கூட." "வேப்பம்பட்டு டீச்சர், போர்டுல எழுத கை தூக்கும், அக்குள்ல தாராளம்." மனிதர் நிற்கும் அளவை மட்டுமல்ல, அவர் வாழும் அளவையும் எழுதிவைத்திருக்கிறார். அதற்கும் மேலே, கேட்காமலே, எல்லா அளவிலும் தையலுக்கென்று ஓர் அங்குலம் சேர்த்துக்கொள்வார். "கல்யாணத்துக்குத் தச்சது வளைகாப்புக்கும் ஏறணும்ல? உள்ள துணி இருந்தாப் பிரிச்சு உட்டுக்கலாம். இல்லாட்டி பேஜாருதான்."

ஜூன் மாதத்தில் ஒரு நாள், முக்காலியில் பொருத்திய கருவியோடு மூன்று பேர் வந்து அளந்தார்கள். போகும்போது பத்தொன்பது கடைச் சுவர்களிலும் மஞ்சள் வண்ணத்தில் ஓர் அம்புக்குறியும் 3.2 என்ற எண்ணும் இருந்தன. சாலை இரண்டு பக்கமும் சமமாக அகலமாகப் போகிறது. இந்தப் பக்கம் கடைப் படியிலிருந்து உள்ளே வரும் அளவு மூன்று புள்ளி இரண்டு மீட்டர். அனுசுயாவுக்கு மீட்டர் புடவைக் கடையின் மொழி. லட்சுமணன்தான் அடிக் கணக்கில் மாற்றிச் சொன்னார்.

"பத்தரை அடி போவுதும்மா."

"என்னுது பதினோரு அடியாச்சே. போக மீதி?"

"ஆறு இஞ்ச்."

அனுசுயா சிரித்த சிரிப்பில் மூன்று குண்டூசிகளும் உதிர்ந்தன. "ஆறு இஞ்ச் எனக்கா! சோக்கா கீது. சுவத்துல நூல்கண்டை அடுக்கி வச்சிகினு, நான் ரோட்ல குந்தி தைக்கறேன். பஸ் வந்தா மட்டும் கொஞ்சம் நவுந்துக்கறேன்." ஜூஸ் கடை பாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் அன்று மாலை அனுசுயா தைத்து முடித்த ஜாக்கெட்டில் இடது கை வலப்புறத்தில் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை. பிரித்துக்கொண்டே, குண்டூசி இல்லாத வாயால் என்னிடம் சொன்னார்: "மிஷினை ஊட்ல போட்டுத் தைன்றாங்கோ. மூணாவது மாடில எவ ஏறி வருவா? எனக்கு வேற கடை வாங்கத் தெம்பு இல்ல கண்ணு. இந்தப் பதினோரு அடிதான் நானு."

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் புதன்கிழமை என்று அறிவிப்பு வந்தது. வணிகர்கள் ஹார்டுவேர் கடையில் கூடினார்கள். வணிகர் சங்கச் செயலாளரான லட்சுமணன் எழுதிய மனுவில் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்ற தொடர் ஐந்து இடங்களில் வந்தது. அதைக் கேட்டு முடித்த அனுசுயா கேட்டார்: "கண்டிச்சா ரோடு சின்னதாவுமா?"

"வேற இன்னாம்மா பண்ணச் சொல்ற?"

"ஜாக்கெட்டு டைட்டாப் போச்சுன்னா நான் இன்னா பண்றேன்? ரெண்டு பக்கமும் சமமாவா பிரிக்கறேன்? எந்தப் பக்கம் உள்ள துணி உட்டுகீதோ அந்தப் பக்கம் பிரிக்கறேன். எதிர்ல பாரு. எம்மாந் துணி சும்மா கெடக்குது!"

எல்லாரும் சாலையின் எதிர்ப்புறத்தைப் பார்த்தார்கள். மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் மதில். மதிலுக்கும் சாலை எல்லைக்கும் இடையில் நீளமாக ஒரு புறம்போக்குத் துண்டு. கருவேல முள், லாரி டயர்கள், கேட்பாரற்ற ஒரு தண்ணீர்த் தொட்டி. இந்தப் பக்கத்துப் பத்தரை அடியையும் அந்தப் பக்கமே எடுத்துக்கொள்ள அங்கே மொத்தம் இருபத்தோரு அடி இருந்தாக வேண்டும். இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. இத்தனை ஆண்டுகளாக எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுப்பு. ஹார்டுவேர் கடையிலிருந்து எஃகு டேப் தருவதாக லட்சுமணன் சொன்னார், அனுசுயா மறுத்துவிட்டார். அது கைக்குச் சுருண்டு வருமாம், கழுத்துக்கு வராதாம். அறுபது அங்குலத் துணி டேப்பை வைத்து அவர் வரிசைக் கடைகள் முழுவதையும் அளந்தார். பிறகு கையை உயர்த்திச் சாலையைக் கடந்து, முள்ளை விலக்கி, எதிர்ப்புறத் துண்டையும் அளந்தார். அவருக்காக நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு தலை நீண்டது.

"இன்னாக்கா, ரோட்டுக்கு ஜாக்கெட்டா?"

"ஆமா நைனா. கை வச்சுத் தைக்கவா, கையில்லாமத் தைக்கவா?"

"ஜன்னல் வச்சுத் தையிக்கா, காத்து வரட்டும்!"

ஆட்டோவிலிருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். ஓட்டுநர் பின்னால் ஒலித்த ஹாரன்களைப் பொருட்படுத்தாமல், அளந்து முடியும்வரை வண்டியைக் குறுக்கே நிறுத்தி அவருக்கு மறைவு தந்தார்.

அன்று மாலை, பழுப்புக் காகிதத்தில், ஜாக்கெட்டுக்கு வரைவதுபோலவே, தெருவின் வரைபடம் உருவாயிற்று. கடைகள் முன்பாகம், எதிர்ப்புறம் பின்பாகம், நடுவில் சாலை. பின்பாகத்தில் எழுதியிருந்த அளவு: இருபத்தோரு அடி இரண்டு அங்குலம். லட்சுமணன் அதைப் பார்த்து, தம் மனுவிலிருந்து மூன்று 'வன்மையாக'க்களைத் தாமே அடித்தார்.

மண்டபத்தில் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் நாகேந்திரன் பொறுமையாக எல்லாரையும் கேட்டார். பழுப்புக் காகிதத்தை மேசையில் விரித்துத் தம் வரைபடத்தை அதன் அருகில் வைத்தார். நெடுநேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை உயர்த்தினார்.

"அம்மா, கடை வரிசையோட நீளம் என் கணக்குல நூத்தித் தொண்ணூறு அடி. உங்க கணக்குல நூத்தித் தொண்ணூத்தி மூணு அடி ரெண்டு இஞ்ச். இந்த மூணு அடி எங்கிருந்து வந்தது?"

பத்தொன்பது முகங்களும் வாடின. அளவு தவறென்றால் காகிதமே தவறு. அனுசுயா காகிதத்தைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தார்.

"தையலுக்கு உட்டது சார்."

"எதுக்கு?"

"தையலுக்கு. ஒவ்வொரு டேப்பு முடியறப்போவும் ஒரு இஞ்ச் சேத்துகினே வந்துகீறேன். கை பழக்கம். முப்பத்தெட்டு தபா." தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நொடி கேட்டார்: "ஏன் சார், நீங்க தையலுக்கு உட மாட்டீங்களா?"

"ரோட்டுக்கு யாரும்மா தையலுக்கு விடுவா?"

"அதான் சார் ஒரு மழைக்கே பிரிஞ்சுக்குது!"

மண்டபம் இடிந்ததுபோல் சிரிப்பு எழுந்தது. நாகேந்திரன் பேனாவை மேசையில் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோள்களும் குலுங்கிக்கொண்டிருந்தன. சிரிப்பு அடங்கியதும் எழுந்தார். "சரி, வாங்க. போய் அளந்தே பார்த்துடுவோம். தையலுக்கு விடாம."

மதியம் பன்னிரண்டு மணி வெயிலில், பத்தொன்பது வணிகர்களும் ஒரு பொறியாளரும் கருவேல முள்ளுக்குள் இறங்கினார்கள். எஃகு டேப்பின் ஒரு முனையை மதிலோடு பாபு பிடித்தார், மறுமுனை நாகேந்திரனிடம்.

"இருபது அடி... பத்து இஞ்ச்."

"இன்னொரு தபா பாருங்க சார்," என்றார் லட்சுமணன். இன்னொரு தடவையும் அதேதான். இருபத்தோரு அடிக்கு இரண்டங்குலம் குறைவு.

நாகேந்திரன் வரைபடத்தைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்து யோசித்தார். "ரோட்டு நடுக்கோட்டை இந்தப் பக்கம் தள்ளலாம்னு நான் பரிந்துரை எழுதறேன். மேல இருக்கறவங்க பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க. ஆனா அந்த ரெண்டு இஞ்ச் உங்க பக்கம் வரும். பத்தொன்பது பேரும் சம்மதிச்சு இன்னிக்கே கையெழுத்துப் போடணும். ஒருத்தர் முடியாதுன்னாலும் பழைய கோடுதான்."

அரை நிமிடம் கொண்டாட்டம். அதற்குப் பிறகுதான் தகராறு. பத்தரை அடி போகிறதென்றபோது ஒன்றாக நின்றவர்கள், இரண்டங்குலத்துக்குத் தனித்தனியாகப் பிரிந்தார்கள்.

"ரெண்டு இஞ்ச் போனா என் ஃபிரிட்ஜு கதவு தொறக்காது," என்றார் பாபு.

"உன் ஃபிரிட்ஜைத் திருப்பி வை, மச்சான்! என் படியைப் பாரு. போன மாசந்தான் கிரானைட் போட்டேன். அதை உடைக்கறதா?" என்றார் லட்சுமணன்.

"சங்கத்து செகரட்டரியே இப்படிச் சொன்னா எப்படி?"

"செகரட்டரின்னா படியைத் தூக்கிக் குடுக்கணுமா?"

பேச்சு ஏறிக்கொண்டே போயிற்று. நாகேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; அடுத்த கூட்டம் இரண்டு மணிக்கு ஆவடியில். அவர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கியபோது, அனுசுயா அங்கே இல்லை.

சாலையைக் கடந்து அவர் தம் கடை முன்னால் மண்டியிட்டிருந்தார். கொண்டையிலிருந்து சாக்பீஸை உருவி, டேப்பை வைத்து, படியின் விளிம்பிலிருந்து சரியாக இரண்டங்குலம் உள்ளே தள்ளி, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் கோடு போட்டார். எழுந்து ஹார்டுவேர் கடைக்குள் போனார். வரும்போது கையில் ஒரு சுத்தியல்; விலைச்சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா! அதெல்லாம் நாங்க வந்துதான் இடிக்கணும்! ஆர்டரே இன்னும் வரல!" என்று எதிர்ப்புறத்திலிருந்து பொறியாளர் கத்தினார்.

"நீங்க மெதுவா வாங்க சார்!"

நான்கடி பத்தங்குல உருவம் சுத்தியலை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கியது. முதல் அடியில் புழுதி. இரண்டாவதில் ஒரு விரிசல். மூன்றாவதில் படியின் மூலை, கோட்டைத் தாண்டாமல், கச்சிதமாகப் பெயர்ந்து விழுந்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்த பதினெட்டு பேரும் சாலையைக் கடந்து ஓடிவந்து வாய் பிளந்து நின்றார்கள். லட்சுமணன் முன்னால் நின்றார்; தம் கிரானைட் படியையும் அனுசுயாவின் உடைந்த படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அனுசுயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கத்தரிக்கோலை நீட்டும் அதே பாங்கில், கைப்பிடி லட்சுமணன் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.