சட்டைக் கையில் ஒரு பட்டை

தலைமைப் பண்பு என்று எவனாவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வேலூரில் காலேஜ் படித்தபோது மாணவர் பட்டாளத்தில் அதைக் கற்றவன் நான். எப்படிக் கற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் பேசுங்கள்.

எங்கள் அணியில் எட்டுப் பேர். அதில் ஒருவனுக்குத்தான் சட்டைக் கையில் ஒற்றைப் பட்டை கிடைக்கும். அவன்தான் தலைவன். பட்டை இருந்தால் வெள்ளைக்காரக் கேப்டன் சிபாரிசுக் கடிதம் தருவார், போலீஸில் சப் இன்ஸ்பெக்டர் ஆகலாம் என்று பேச்சு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று என் அப்பாவின் கால்விரல்கள் வெந்துபோயிருந்தன. அடுத்து நான்தான் இறங்கவேண்டும் என்று மேஸ்திரி வேறு சொல்லிவைத்திருந்தான். எனக்கு அந்தப் பட்டை வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்க வந்த ஹவில்தார் வடக்கத்தியான். வாயைத் திறந்தால் வசவு. புரிந்ததா என்று இந்துஸ்தானியில் அவன் கத்தினால் "ஜீ சாப்" என்று நாங்கள் கத்தவேண்டும். மேல்விஷாரத்திலிருந்து வந்த என் தோஸ்த் வீட்டில் உருது பேசுகிறவன். அவன் வாயில் வந்தது "ஹவ் சாப்." எங்கள் பக்கத்து உருதில் ஆமாம் என்பதற்கு ஹவ். ஹவில்தாருக்கு அது தெரியவில்லை, இல்லை தெரிந்தே நடித்தான், சண்டாளன். நாய் குரைக்கிறது என்று கெக்கலி கொட்டினான். என்னைக் கூப்பிட்டு, இவனைத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று ஓட வை, நீ தலைவனாகத் தேறுவாயா பார்க்கிறேன் என்றான்.

நான் போய் என் தோஸ்த் எதிரில் நின்றேன். "துப்பாக்கிய தலைக்கு மேல தூக்கிக்கினு ஓடு. மூணு சுத்து."

"இன்னாடா பேஜார் பண்றே?" என்றான் மெதுவாக.

"பேசாதே. கொலைச்சிக்கினே ஓடு."

குரைக்கச் சொன்னது ஹவில்தார் இல்லை. அதை நானாகச் சேர்த்தேன். அவன் குரைத்துக்கொண்டே ஓடினான். மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஹவில்தார் என் முதுகைத் தட்டினான். அந்த வாரமே பட்டை வந்தது. த்தூ!

அடுத்த பெருநாளைக்கு மேல்விஷாரம் போனேன். தோஸ்த் கூப்பிடவில்லை. வருஷா வருஷம் போகிறவன்தானே என்ற தைரியம். அவர்கள் வீட்டில் பெரிய தாம்பாளத்தில் பிரியாணியைக் கொட்டி, பாயில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். போன வருஷம்வரை அவன் கைக்குப் பக்கத்தில்தான் என் கை. இந்தத் தடவை பாயைவிட்டுத் தள்ளி எனக்கு நாற்காலி, மேஜை, தனித் தட்டு, ஸ்பூன். அவனே பரிமாறினான். பரிமாறிவிட்டுக் குதிகால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி விறைப்பாக நின்றான்.

"இன்னாடா இது, உக்காருடா," என்றேன்.

"ஆர்டர் குடுங்க சார், உக்கார்றேன்," என்றான்.